சந்தை ஊரில் ஒரு புதுமனை

மும்பை மாதுங்காவிலிருந்து நாங்கள் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது நம் சங்கத்தார் அன்புடன் வழியனுப்பி வைத்தார்கள். அன்று மூத்த அன்பர் ஒருவர், "அங்கே வீடு வாங்கினால் எங்களுக்கு எழுதுங்கள். விலையை எழுத வேண்டா. குடிபுகுந்த கதையை எழுதுங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்" என்று கூறினார். எழுதுவதாக வாக்களித்தோம். வீடு வாங்கிக் குடிபுகுந்து இரண்டு குளிர்காலங்கள் கழிந்த பிறகே அவ்வாக்கை நிறைவேற்றுகிறோம். தாமதத்தை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். முதற் குளிர்காலத்தின் முடிவில் எழுதியிருந்தால் இது வெறும் புகார்க் கடிதமாக முடிந்திருக்கும். இப்போது எங்கள் பிழைகளையும் சேர்த்து எழுத முடிகிறது.

பெயரிலே சந்தை

நாங்கள் குடியேறியிருக்கும் ஊரின் பெயர் மார்க்கெட் ஹார்பரோ. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லெஸ்டர்ஷயரின் தென்கோடியில், வெல்லண்ட் என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்தது. லண்டனுக்கு இரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். எங்களுள் ஒருவர் வேலை பார்க்கும் லெஸ்டர் நகரத்துக்குக் கால் மணி நேரம். 1204-ஆம் ஆண்டிலேயே இங்குச் சந்தை இருந்ததாக அறிகிறோம். எண்ணூறு ஆண்டுகளாக மக்கள் கூடி வாங்கியும் விற்றும் வந்த ஊர் என்று எண்ணும்போது, தொலைதேயத்திலிருந்து வந்த நமக்கும் ஓர் ஆறுதல் உண்டாகிறது. சந்தை ஊருக்கு அயலார் வருவது புதிதன்று அல்லவா?

கடைத்தெருவின் நடுவே, வானளாவிய கோபுரமுடைய பழைய தேவாலயத்தின் பக்கத்தில், மரத்தூண்களின்மேல் நிற்கும் சிறு கட்டடம் ஒன்று உண்டு. 1614-ஆம் ஆண்டில் கட்டிய பள்ளிக்கூடம் அது. கட்டுவித்தவர் ராபர்ட் ஸ்மித் என்பவர். இவ்வூரிலே பிறந்து, லண்டனுக்குப் போய்ப் பொருளும் பதவியும் பெற்று, பிறந்த ஊரை மறவாமல் இப்பள்ளியை நிறுவினார். பிள்ளைகள் படிக்கும் அறை மேலே இருந்தது. கீழே நாற்புறமும் திறந்த வெளி. வெண்ணெய் விற்க வருகிறவர்கள் மழையில் நனையாமல் நிற்பதற்காக அதனை அவ்வாறு விட்டார்கள். தஞ்சை மாவட்டத்தை விட்டு மும்பைக்கு வந்த எங்கள் பாட்டனார், ஊர்ப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டித் தந்ததை எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். இக்கட்டடத்தை முதன்முறை கண்டபோது எங்களுக்கு அவர் நினைவுதான் வந்தது. ஊரை விட்டுப் போனவர்கள் ஊரை நினைப்பது எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். மும்பைக் கோட்டைப் பகுதியில் நம்மில் பலர் அந்நியச் செலாவணி மாற்றிய தாமஸ் குக் என்னும் பெயரை அறியாதார் இலர். அந்தத் தாமஸ் குக் இவ்வூரில் மரவேலை செய்து பிழைத்தவர். 1841-ஆம் ஆண்டில் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றிற்காக இங்கிருந்து லெஸ்டருக்குப் பதினைந்து மைல் நடந்து போனபோதுதான், இரயில் வண்டி அமர்த்தி மக்களைக் கூட்டமாக அழைத்துச் செல்லலாம் என்ற எண்ணம் அவருக்கு உதித்ததாம். அவ்வாண்டு ஜூலை 5-ஆம் நாள் ஏறக்குறைய ஐந்நூறு பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் லெஸ்டரிலிருந்து லவ்பரோவுக்கு அழைத்துச் சென்றார். உலகெங்கும் மக்களை அனுப்பி வைத்த தொழில் இச்சிற்றூரின் சாலையிலே பிறந்தது.

சாவி கைக்கு வந்த நாள்

எங்கள் வீடு பழைய கடைத்தெருவில் இல்லை. ஊரின் எல்லைக்கு வெளியே, சில ஆண்டுகளுக்கு முன்வரை வயலாக இருந்த மேட்டில், ஒரு நிறுவனத்தார் கட்டிய புதுக் குடியிருப்பில் இருக்கிறது. செங்கல் வீடு, மாடியில் மூன்று படுக்கையறை, கீழே ஒரு சிற்றறை. அந்தச் சிற்றறைக்காகவே இவ்வீட்டைத் தேர்ந்தெடுத்தோம். எங்களுள் ஒருவரின் அன்னையார், இருவருக்கும் அன்னையார் ஆனவர், மாடிப்படி ஏற இயலாதவர். அவர் வந்து தங்குவதற்கென்று அவ்வறையை மனத்திலே முன்பே ஒதுக்கிவிட்டோம்.

பழைய வீட்டை விட்டுப் புதுவீட்டை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்பீர்கள். குளிர்காலச் செலவு குறையும் என்பது ஒரு காரணம். பத்தாண்டு உத்தரவாதம் உண்டு என்பது மற்றொன்று. புதிதாகக் கட்டிய வீட்டில் பழுது என்ன இருக்கப் போகிறது என்று எண்ணினோம். அந்த எண்ணம் எவ்வளவு பேதைமை என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சாவியைப் பெற்றோம். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் காலம். சாலைக்குப் பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். ஆனால் வண்டியோட்டிகளின் வழிகாட்டும் படத்தில் அச்சாலை இன்னும் ஏறவில்லை. கட்டிலும் மெத்தையும் கொண்டு வந்த வண்டிக்காரர் எங்கள் வீட்டைக் காணாமல் மூன்று முறை ஊரைச் சுற்றினார். இறுதியில் நாங்களே பெருஞ்சாலையில் மழையில் குடை பிடித்து நின்று அவரை அழைத்து வந்தோம்.

பால் காய்ச்சும் நல்ல வேளையிலும் ஒரு சங்கடம் நேர்ந்தது. பாட்டியார் காலத்து வெண்கலப் பானையை மும்பையிலிருந்து துணிகளுக்கிடையே பொதிந்து கொண்டு வந்திருந்தோம். வீட்டில் இருந்ததோ இண்டக்ஷன் அடுப்பு. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அவ்வடுப்பு ஏற்காது என்பதை அந்த வேளையில்தான் அறிந்தோம். கடைசியில் குக்கரின் அடிப்பாகத்தில் பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்ததும் எங்கள் மகள் கைகொட்டி மகிழ்ந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. குழம்புக்குக் கடுகும் மிளகாயும் தாளித்தபோது கூடத்துப் புகையறிகருவி அலறியது. ஒன்று அலறியதும் மாடியில் உள்ளவையும் சேர்ந்து அலறின. கருவிகளை ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள் என்பதையும் அன்று கற்றுக்கொண்டோம்.

முதற் குளிர்காலம்

எங்கள் பெரும்பிழை டிசம்பரில் தொடங்கிற்று. இங்குள்ள புதுவீடுகளில் சன்னற் சட்டத்தின் மேல்விளிம்பில் நீண்ட சிறு திறப்பு ஒன்று இருக்கும். சன்னலை அடைத்திருக்கும்போதும் சிறிது காற்று உள்ளே வருவதற்காக அமைந்தது அது. குளிர்காற்று புகுகிறதே என்று எல்லாத் திறப்புகளையும் நாங்கள் மூடினோம். மூடியதோடு அமையாமல் மேலே பசைநாடாவும் ஒட்டினோம். வெளியில் துணி உலராது என்பதால் ஈரத்துணிகளை வீட்டுக்குள்ளேயே ரேடியேட்டர்களின்மேல் விரித்தோம். காலையில் இட்லி, பகலில் சோறு, இரவில் இரசம் என்று ஆவி எழுந்தபடி இருந்தது. சன்னற் கண்ணாடிகள் விடியற்காலையில் வியர்த்து வழிந்தன. துடைத்துவிட்டு வேலைக்குப் போனோம்.

மாதுங்காவில் மழைக்காலத்தில் அலமாரியிலுள்ள தோற்செருப்பு பூசணம் பூப்பதைக் கண்டவர்கள் நாம். ஆயினும், அங்கே ஆண்டு முழுவதும் சன்னல் திறந்திருந்தமையால் காற்றின் அருமை எங்களுக்குத் தெரியவில்லை. ஜனவரி பிற்பகுதியில் மகளின் அறையில், வடக்கு மூலையில், துணி அலமாரிக்குப் பின்னால் கரும்புள்ளிகள் தோன்றின. இரண்டு வாரத்தில் அவை உள்ளங்கை அகலம் பரவின. அதற்கு முன்பே குழந்தைக்கு இரவில் இருமல் கண்டிருந்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குக் குளிரில் வருவதுதானே என்று இருந்துவிட்டோம். ஒருநாள் இரவு அவள் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தாள். விடியும் வரை மாறி மாறி அவளைத் தோளில் சாய்த்து வைத்திருந்தோம்.

மருத்துவர் மார்பைப் பரிசோதித்த பின் கேட்ட முதற் கேள்வி, "வீட்டில் ஈரம் உண்டா?" என்பதே. எங்களுக்கு நா எழவில்லை. புதுவீடு என்று பெருமையாக ஊருக்கெல்லாம் எழுதியிருந்தோம். குழந்தையை அன்றே எங்கள் அறைக்கு மாற்றினோம். வீடு கட்டிய நிறுவனத்தாருக்குச் சினத்துடன் நீண்ட கடிதம் ஒன்று எழுதினோம். அவர்கள், நீங்கள் சன்னலைத் திறக்காததே காரணம் என்று இரண்டு வரியில் விடை எழுதினார்கள். அவ்விடை எங்கள் சினத்தைப் பெருக்கிற்று.

பிறகு கூலி கொடுத்துச் சர்வேயர் ஒருவரை அழைத்தோம். அவர் ஈரமானியைச் சுவர்தோறும் வைத்துப் பார்த்தார். ஏணி வைத்துப் பரணில் ஏறினார். இறங்கி வந்து மூன்று செய்திகளைச் சொன்னார். புதிதாகக் கட்டிய வீட்டின் சாந்திலும் பூச்சிலும் கான்கிரீட்டிலும் ஆயிரக்கணக்கான லிட்டர் நீர் கலந்திருக்கிறது. அது முற்றும் உலர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை வீடு தானே ஈரத்தை வெளிவிடும். இது முதற் செய்தி. அந்த ஈரமும் எங்கள் துணியின் ஈரமும் சமையலின் ஆவியும் போக வழியின்றி, நாங்கள் நாடா ஒட்டி அடைத்துவிட்டோம். இது இரண்டாவது. குளியலறை எக்ஸாஸ்ட் விசிறியின் குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய் இணைக்கவே இல்லை. அது ஈரக்காற்றைப் பரணிலேயே விட்டுக்கொண்டிருந்தது. மேலும், மகளின் அறைக்கு நேர்மேலே, வெப்பம் காக்கும் பஞ்சுப் படலத்தை ஒரு மூலையில் விரிக்காமல் விட்டிருந்தார்கள். அதனால் அம்மூலை குளிர்ந்து, ஈரம் அங்கே படிந்தது. இது மூன்றாவது.

"பாதிப் பிழை அவர்களுடையது, பாதிப் பிழை உங்களுடையது. அவர்கள் பாதியை அவர்கள் திருத்தட்டும். உங்கள் பாதியை இன்று மாலையே திருத்தலாம்" என்றார் அவர். அன்று மாலையே நாடாக்களைப் பிய்த்தோம்.

முறையாகக் கேட்பது எப்படி

இவ்விடத்தில், பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படும் சில செய்திகளைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

பத்தாண்டு உத்தரவாதம் என்பது பெரும்பாலும் இரண்டு பகுதி உடையது. முதல் இரண்டு ஆண்டுகளில் காணும் குறைகளைக் கட்டியவரே திருத்தித் தர வேண்டும். அடுத்த எட்டு ஆண்டுகள், அடித்தளம், சுவர், கூரை போன்ற பெருங்குறைகளுக்கு மட்டும் காப்பீடு உண்டு. ஆதலின் முதல் இரண்டு ஆண்டுகளை வீணாக்கலாகாது. குறைகளை நாள் குறித்து, படம் எடுத்து, எழுத்தில் அறிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொல்லியது சொல்லாததற்குச் சமம். நாங்கள் எழுதிய பட்டியலில் 67 குறைகள் இருந்தன. கதவு உரசுவது முதல் குளியலறைத் தரையின் வாட்டம் தவறியது வரை அனைத்தும் அதில் அடக்கம்.

சாவி வாங்குவதற்கு முன்பே சர்வேயரை அழைத்துச் சென்று பார்க்கச் செய்யலாம். 2022-ஆம் ஆண்டில் புதுவீடுகளுக்கென ஒழுங்குமுறை ஒன்றும், குறைதீர்ப்பாளர் அமைப்பு ஒன்றும் தோன்றின. அவற்றில் பதிவு பெற்ற நிறுவனமாயின், நிறுவனத்தார் முறையீட்டைக் கேளாதபோது கட்டணமின்றிக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். வாங்கப் போகும் நிறுவனம் பதிவு பெற்றதா என்பதை முன்னமே கேட்டறிவது நலம். நாங்கள் அங்கே போகும் தேவை ஏற்படவில்லை. சர்வேயரின் அறிக்கையை இணைத்து, அமைதியான நடையில் இரண்டாவது கடிதம் எழுதினோம். எங்கள் பிழையையும் அதில் ஒப்புக்கொண்டோம். மூன்று வாரத்தில் ஆட்கள் வந்து குழாயை இணைத்துப் பஞ்சும் விரித்துச் சென்றார்கள். சினத்தோடு எழுதிய முதற் கடிதம் செய்யாததை இக்கடிதம் செய்தது.

சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றினால் அஞ்ச வேண்டா. சாந்து உலர்ந்து சுருங்குவதால் வருபவை அவை. முதலாண்டில் சுவருக்குத் தாள் ஒட்டலாகாது. பள்ளியைப் பற்றியும் முன்பே விசாரிக்க வேண்டும். எங்கள் குடியிருப்பின் வரைபடத்தில் பள்ளிக்கூடம் ஒன்று வரைந்திருந்தது. அவ்விடத்தில் நாங்கள் கண்டது புல்வெளி. தொடக்கப்பள்ளியில் முதலில் சேர்வதற்கு ஜனவரி 15-ஆம் நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதையும் சிறுவர் உள்ள இல்லத்தார் நினைவிற் கொள்க. கவுன்சில் வரியைக் கண்டு வியந்தோம். இங்கிலாந்தில் ஒரு வீட்டின் வரி, 1991-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் அவ்வீடு என்ன விலை போயிருக்கும் என்பதை ஒட்டியது. அன்று எங்கள் வீடு இல்லை. அங்கே பயிர் இருந்தது!

அன்னையாரின் ஆறு திங்கள்

2024-ஆம் ஆண்டு சித்திரைப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு அன்னையார் வந்து சேர்ந்தார். விருந்தினர் விசாவில் ஒருமுறை வந்தால் ஆறு திங்கள் வரைதான் தங்க இயலும். முதிய பெற்றோரை நிலையாக அழைத்துக்கொள்வதற்கான விதிகள் 2012-ஆம் ஆண்டு முதல் மிகக் கடுமையாக இருக்கின்றன. நாள்தோறும் பிறர் உதவியின்றித் தம் வேலைகளைச் செய்துகொள்ள இயலாதவராக அவர் இருக்க வேண்டும். அவ்வுதவி தாய்நாட்டில் பொருள் கொடுத்தாலும் கிட்டாததாக இருக்க வேண்டும். நடக்கவும் சமைக்கவும் வல்லவராய் அன்னையார் இருப்பதே அவர் எங்களோடு வாழ்வதற்குத் தடையாயிற்று. கீழறையை அவருக்கென வாங்கியபோது இதனை நாங்கள் முழுதும் அறிந்திருக்கவில்லை. "அறை கட்டி வைத்தால் அம்மா வந்துவிடுவார்" என்று எண்ணும் இல்லத்தார் நம் சங்கத்தில் பலர் இருக்கக்கூடும். அவர்கள் இதனை முன்பே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

வந்த மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அன்னையார் எழுந்து வீட்டின் சன்னல்களை எல்லாம் திறந்தார். கால் மணி நேரம் வீடு குளிர்ந்தது. "விளக்கேற்றுகிற நேரத்தில் வீட்டை அடைத்து வைப்பார்களா?" என்றார். கூலி கொடுத்து நாங்கள் கேட்ட அறிவுரை அவருக்கு நாற்பது ஆண்டுப் பழக்கமாக இருந்தது.

அடுத்து, பின்புறத் தோட்டத்தில் கொத்துமல்லியும் வெந்தயமும் விதைத்தார். முளைக்கவில்லை. விரலால் தோண்டிப் பார்த்தால், நான்கு விரற்கடை மண்ணுக்குக் கீழே செங்கல் துண்டும் சாந்துக் கட்டியும் இறுகிய களிமண்ணும்தான். வேலிக்கு அப்பால் பழைய வீட்டில் வாழும் முதியவர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் குடிவந்து ஐந்து திங்களாகியும் அவரோடு பேசியதில்லை. புதுக்குடியிருப்பை எதிர்த்து அவர் கவுன்சிலுக்கு எழுதியவர் என்று கேள்விப்பட்டு, ஒதுங்கியே இருந்தோம்.

அன்னையார் அவரிடம் வெறுங்கைகளை விரித்துக் காட்டினார். அவர் சிரித்துவிட்டு, தம் தோட்டத்து மட்கிய உரத்தில் இரண்டு கூடை கொண்டுவந்து வேலியின்மேல் வைத்தார். பிறகு எங்களை அழைத்துக்கொண்டு குடியிருப்பின் கோடிக்கு நடந்தார். அங்கே மேய்ச்சல் நிலத்தில் அலை அலையாக மேடும் பள்ளமும் இணையாக ஓடின. இடைக்காலத்தில் எருது பூட்டி உழுத படைசாலின் தடம் அது என்றும், இவ்வட்டாரத்தில் பல வயல்களில் இன்றும் அத்தடம் காணலாம் என்றும் அவர் விளக்கினார். "உங்கள் வீட்டுக்குக் கீழேயும் இது இருந்தது. அதனால்தான் எதிர்த்து எழுதினேன். உங்களை எதிர்த்து எழுதவில்லை" என்றார். நாங்கள் மொழிபெயர்த்துக் கூறக் கேட்ட அன்னையார், "நம் ஊர் நஞ்சை போனபோது உங்கள் தாத்தாவும் இப்படித்தான் பேசினார்" என்றார். அதனை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். ஜூன் மாதத்தில் கொத்துமல்லி முளைத்தது. முதற் கொத்து வேலிக்கு அப்பால் போயிற்று.

லெஸ்டர் நகரத்துப் பெல்கிரேவ் சாலைக்கும் அன்னையாரை அழைத்துச் சென்றோம். 1972-ஆம் ஆண்டில் உகாண்டாவிலிருந்து வெளியேற்றப்பட்ட இந்திய வமிசத்தார் பலர் அந்நகரில் குடியேறினர். அங்கே வர வேண்டா என்று அந்நகராட்சியே உகாண்டாப் பத்திரிகையில் விளம்பரம் செய்தது. அதையும் மீறி வந்தவர்களின் கடைவீதியில் இன்று தீபாவளிக்கு விளக்கு அலங்காரம் நடக்கிறது. கடைக்காரர்கள் பெரும்பாலும் குஜராத்தியர். மாதுங்காவில் கட்ச் நாட்டு அண்டை வீட்டாரிடம் கற்ற குஜராத்தியில் அன்னையார் கறிவேப்பிலைக்கு விலை பேசினார். எங்களுக்கு ஆங்கிலத்தில் கிட்டாத சலுகை அவருக்குக் கிட்டியது.

கூட்டம் கூடியது

எங்கள் குடியிருப்பின் உட்சாலைகளையும் பசும்புல் வெளியையும் கவுன்சில் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவற்றைப் பேணுவதற்கு ஒரு மேலாண்மை நிறுவனத்திற்கு ஆண்டுதோறும் தனிக் கட்டணம் செலுத்துகிறோம். மும்பை வீட்டுவசதிச் சங்கத்தின் மெயின்டனன்ஸ் போன்றது என்று எண்ணினோம். ஆனால் வேறுபாடு பெரிது. அங்கே உறுப்பினர் கூடிக் கணக்குக் கேட்கலாம், செயலாளரைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே நிறுவனத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் உயர்ந்து வந்தபோது, ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் கதவுக்குள் முணுமுணுத்தார்கள். இவ்வாறு கட்டணம் செலுத்துவோருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையை வலுப்படுத்த 2024-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினார்கள்; அதன் பிரிவுகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வரும் என அறிந்தோம். அதற்காகக் காத்திராமல் கூடிப் பேசலாம் என்று முடிவு செய்தோம்.

குடியிருப்பில் பொதுக்கூடம் இல்லாததால் எங்கள் முன்னறையிலே கூடினோம். முதல் நாள் ஒன்பது வீட்டார் வந்தனர்: கெட்டரிங் மருத்துவமனையில் பணிபுரியும் மலையாளச் செவிலியர் குடும்பம், போலந்து நாட்டுத் தம்பதியர், லெஸ்டரிலிருந்து வந்த இளைஞர் இருவர், இன்னும் சிலர். அன்னையார் சுண்டல் செய்து வைத்தார். யார் பேசுவது, எதை முதலில் பேசுவது என்று எல்லாரும் திகைத்திருந்தபோது, நாங்கள் ஒரு தாளை எடுத்து வருகையைப் பதிந்து, நிகழ்ச்சி நிரல் எழுதி, தீர்மானங்களைக் குறித்தோம். இதனை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்கள். நம் சங்கத்துப் பொதுக்குழுவிலே கற்றோம் என்றோம். காரசாரமாக நடந்த அந்தப் பொதுக்குழுக்களை அன்று நன்றியோடு நினைத்தோம். ஒன்பது வீட்டாரும் கையெழுத்திட்ட கடிதத்திற்கு இரண்டு வாரத்தில் செலவுக் கணக்கு வந்தது. புல்வெட்டாத மாதங்களுக்கும் புல்வெட்டிய கூலி எழுதியிருந்ததைச் சுட்டிக் காட்டினோம். அத்தொகையைத் திருத்தினார்கள். பெரிய தொகையன்று. ஆயினும் அதன்பின் தெருவில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கிறோம்.

அன்னையார் நவராத்திரிக்கு மும்பையில் இருக்க விரும்பிச் செப்டம்பர் இறுதியில் புறப்பட்டார். விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் கீழறைச் சன்னலைத் தாமே திறந்து வைத்துவிட்டு, "நான் இல்லையென்று இதைச் சாத்தி வைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும்" என்றார். குழந்தை அவர் புடைவையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எங்களுக்கும் பேச்சு எழவில்லை. நாம் எவ்வளவு பெரிய வீடு கட்டினாலும் இந்தப் பிரிவுக்கு அதில் மருந்தில்லை. இதனை மறைத்து எழுதுவது அன்பர்களுக்குச் செய்யும் உதவியாகாது.

இரண்டாவது குளிர்காலம் வந்தது. காலைதோறும் கால் மணி நேரம் சன்னல்களைத் திறந்தோம். துணியைக் குளியலறையில் உலர்த்தி, விசிறியை ஓடவிட்டோம். சமைக்கும்போது பாத்திரத்தை மூடினோம். மகளின் அறைச் சுவர் வெண்மையாகவே இருந்தது. இரவில் இருமல் இல்லை. பழுதைச் சரிசெய்தவர்கள் கட்டியவர்கள். அதனைக் காக்கக் கற்றவர்கள் நாங்கள். அண்டை முதியவர் பனி பெய்த நாளில் எங்கள் வாயிற்படியிலும் உப்புத் தூவிச் சென்றார்.

புதுவீடு வாங்கும் அன்பர்களே! சாவி கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்ததென்று எண்ணாதீர்கள். வீடு உலர ஓராண்டு ஆகும். நாம் ஊன்றவும் அவ்வளவு காலம் ஆகும். குளிருக்கும் அயலாருக்கும் அஞ்சி அடைத்துக்கொண்டிருந்த நாட்களே எங்களுக்குத் துன்பம் தந்த நாட்கள்.

அன்னையார் அடுத்த சித்திரைக்கு வருவதாக எழுதியிருக்கிறார். அவர் இல்லாத திங்களில் அந்தக் கீழறை ஒழிந்தே இருக்கிறது. நம் சங்கத்து இல்லத்தார் யாரேனும் இப்பக்கம் வர நேர்ந்தால் அங்கே தங்கலாம். சன்னலை மட்டும் காலையில் திறந்துவிட வேண்டும்.